கடுகுத் தோள்

அந்தக் குடும்பத்தில் அதற்குக் கடுகு என்று பேர். தோளிலும் முதுகிலும் மேல்கையிலும் தோலோடு தோலாக, செம்பழுப்பு நிறத்தில், கொத்துக் கொத்தாக இருக்கும். சும்மா கிடக்கிற வரைக்கும் சாது. குளிர்காற்று பட்டாலோ, யாராவது தெரியாமல் தோளில் ஒரு தட்டுத் தட்டினாலோ போதும், சுரீரென்று ஊசி ஏற்றியது போல வலி ஓடும். அப்பாவுக்கு இருந்தது. அப்பாவின் அக்காவுக்கு இருந்தது. அப்பாவுக்குப் பிறந்தவர்கள் இரண்டு பேரில், அக்காவுக்கு வலது தோளில் ஒரு கைப்பிடி. தம்பிக்குத்தான் வஞ்சனையில்லாமல் முதுகு பூராவும் வாரி இறைத்திருந்தது.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு நம்ம வீட்டைப் பார்த்துட்டுத்தான் எவனோ சொல்லியிருக்கான்" என்று அப்பா சிரிப்பார்.

இப்படிப்பட்ட முதுகை வைத்துக்கொண்டு தம்பி பிழைப்புக்குப் பிடித்த தொழில் குளிர்சாதனம் பழுது பார்ப்பது. வீட்டு ஃபிரிட்ஜ் முதல் கறிக்கடைக் குளிர் அறை வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே நுழையும் முன் இரண்டு சட்டை, அதன் மேல் ஒரு கிழிந்த ஸ்வெட்டர். வெளியே வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வருவான்.

"ஊர்ல உனக்கு வேற வேலையே இல்லையாடா?" என்று அக்கா கேட்டால், "குளிருக்கும் எனக்கும் ஜென்மப் பகைக்கா. தினம் போய் அதை நாலு தட்டுத் தட்டிட்டு வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது" என்பான்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. "பின் சீட்டுல என்ன பொதுக்கூட்டமா?" என்று ஒரு குரல் கொடுத்தால் வேன் அடங்கிவிடும். அவளுக்குப் பிள்ளை இல்லை. இருபத்தேழு வயதில் கர்ப்பப்பை முழுக்கக் கட்டி என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். தாலி கட்டியவன் சண்டை பிடிக்கவில்லை, கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. வேலை விஷயமாக வெளியூர் போகிறேன் என்று போனான், போனவன் போனவன்தான். அவள் தம்பி வீட்டு மாடிக்குக் குடிவந்தாள். மறு வருஷம் தம்பிக்கு ஒரு பெண் பிறந்தது. அதைத் தூக்கி வளர்த்ததில் அவளுக்குப் பாதிப் பொழுது போயிற்று, பாதித் துக்கமும் போயிற்று.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வாலு என்று பேர். பேருக்கு ஏற்ற குணம். ஆனால் தோல் மட்டும் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது. "இவளுக்குக் கடுகே இல்லையே, தவிட்டுக்கு வாங்கினதுதான் போல" என்று தம்பி சீண்டுவான். ஆறு வயதில் ஒருநாள் அவள் ஸ்கெட்ச் பேனாவால் கை முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டு வந்து, "இப்போ நான் உங்க பிள்ளைதானே?" என்று அழுதபடி நின்றாள். அதைச் சொல்லிச் சொல்லி அந்த வீடு பல வருஷம் சிரித்தது.

சிரிப்பு நின்றது வேனின் சீட் பெல்ட்டால். பெல்ட் குறுக்கே போகிற இடமும் அக்காவின் கடுகு இருக்கிற இடமும் ஒன்று. ஐம்பதை நெருங்கும் வயதில் அது பெருத்து, பிரேக் போடும்போதெல்லாம் உயிர் போயிற்று. ஒரு நாள் காலை நடை முடிந்ததும் வேனை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் போனாள். நாலு கொப்புளத்தை எடுத்துவிட்டால் போதும் என்பதுதான் அவள் கணக்கு.

டாக்டர் சின்ன வயதுப் பெண். விளக்கைக் கிட்டே இழுத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது எத்தனை நாளா இருக்கும்மா?"

"இது எங்க குடும்பச் சொத்து டாக்டர். எங்க அப்பா எழுதி வெச்சது இது ஒண்ணுதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்களுக்குக் கர்ப்பப்பையில ஏதாவது கட்டி வந்திருக்கா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோளைக் காட்ட வந்த இடத்தில் இவள் எப்படி நேராக வயிற்றில் கை வைக்கிறாள்?

"எடுத்தாச்சு. கல்யாணமாகி மூணாம் வருஷம்."

"அப்பா எப்படித் தவறினாங்க?"

"சிறுநீர்ல ரத்தமாப் போச்சு. என்னன்னு பார்க்கிறதுக்குள்ள வயிறெல்லாம் பரவிடுச்சுன்னாங்க. நாப்பத்தாறு வயசு."

டாக்டர் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். "பயப்படாதீங்க. ஆனா இது மூணும் தனித்தனி இல்லைன்னு எனக்குத் தோணுது. ரத்தம் எடுத்து ஒரு பரிசோதனை பண்ணிப் பார்த்துடலாம்."

பயப்படாதீங்க என்று டாக்டர் சொன்னால் அதற்குப் பிறகு பயப்படாமல் இருக்கிறவர் யார்? பரிசோதனை முடிவு வருகிற வரைக்கும் அக்கா வீட்டில் மூச்சு விடவில்லை. வந்த அன்று தம்பியை மட்டும் கூட்டிக்கொண்டு பெரிய மருத்துவமனையின் மரபணு ஆலோசகரிடம் போனாள்.

ஆலோசகர் நரைத்த தாடிக்காரர். அவசரமில்லாத குரல். "உங்க உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சாப்பாட்டைச் சக்தியா மாத்துற ஒரு வேலை சுத்திச் சுத்தி நடக்குது. அதுல ஒரு கட்டத்துல ஃபியூமரேஸ்னு ஒரு நொதி வேணும். அதோட வேலை ரொம்பச் சின்னது. ஒரு அமிலத்தோட கொஞ்சம் தண்ணியைச் சேர்த்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பி வைக்கும். அந்த நொதியைச் செய்யச் சொல்லித் தர்றது எஃப்.ஹெச்.னு ஒரு மரபணு. எல்லாருக்கும் அது ரெண்டு பிரதி இருக்கும், அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. உங்க அக்காவுக்கு அப்பா பக்கத்துப் பிரதியில ஒரு எழுத்துப் பிழை."

"தலையெழுத்துலயே எழுத்துப் பிழையா?" என்றான் தம்பி. அவன் வாய் அப்படி. ஆனால் அவன் கை அக்காவின் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தது.

"ஒரு பிரதி நல்லா இருக்கிற வரைக்கும் செல் சமாளிச்சுக்கும். ஏதோ ஒரு செல்லுல அதுவும் கெட்டுப் போச்சுன்னா நொதியே இருக்காது. அந்த அமிலம் தேங்கிடும். தேங்கினா செல் ஏமாந்து போகும். மூச்சுக் காத்து இருக்கும்போதே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு, ரத்தக் குழாயைக் கொண்டா, வளர்ந்துக்கோன்னு உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கும். தோல்ல மயிர்க்கூச்செறிய வைக்கிற குட்டித் தசை இருக்கு பாருங்க, அதுல வளர்ந்தா இந்தக் கடுகு. கர்ப்பப்பையில வளர்ந்தா அந்தக் கட்டி. இது ரெண்டாலயும் பொதுவா உயிருக்கு ஆபத்து இல்லை."

"மூணாவது?" என்றாள் அக்கா.

"சிறுநீரகம். அது அப்படி இல்லை."

"சென்சார் போன ஃபிரிட்ஜ்" என்றான் தம்பி. "உள்ள நல்லாக் குளிர்ந்துதான் இருக்கும். சென்சார் மட்டும் குளிரலை குளிரலைன்னு பொய் சொல்லும். கம்ப்ரஸர் நிக்காம ஓடும்."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"நான்னா சென்சாரை மாத்திடுவேன் சார்."

"எங்களால இன்னைக்கு அது முடியாது. ஆனா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் கவனிக்கலாம். வருஷா வருஷம் ஸ்கேன். சின்னதா இருக்கும்போதே பிடிச்சா எடுத்துடலாம். உங்க அப்பா பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் இது வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்க முதுகைப் பார்த்தா…" அவர் முடிக்கவில்லை. "நீங்க முதல்ல ஸ்கேன் எடுத்துக்கோங்க. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

வேனுக்கு வந்து உட்கார்ந்த பிறகு அக்கா சாவியைப் போடவில்லை. கனமான சாமான் தூக்கியதால் வந்தது என்றார்கள் அந்தக் காலத்தில். பெண்பிள்ளை வண்டி ஓட்டினால் வயிறு கெட்டுப்போகும் என்றார்கள். மாமியார் அவள் சாப்பாட்டைச் சொன்னாள், அவள் அம்மாவே அவள் பிடிவாதத்தைச் சொன்னாள். இருபது வருஷம் அவளும் அதில் ஏதோ ஒன்று உண்மையாக இருக்கும் என்றுதான் நம்பியிருந்தாள்.

"டேய், அப்போ நான் ஒண்ணும் பண்ணலையாடா?"

"நீ என்னக்கா பண்ணே? ஒரு எழுத்து. அதுவும் அப்பாவுக்கு அப்பா காலத்து எழுத்தா இருக்கும்."

அக்கா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். தம்பி தன்னையறியாமல் அவள் தோளைத் தட்டப் போய், கடுகு நினைவுக்கு வந்து, கையை அவள் தலையில் வைத்துக்கொண்டான்.

அக்காவின் ஸ்கேனில் ஒன்றுமில்லை. தம்பியோ, "வெயில் காலம் முடியட்டும்" என்றான். வெயிலில்தான் அவன் தொழில் கொடிகட்டிப் பறக்கும். ஐஸ்கிரீம் கடைக்காரன் காலில் விழாத குறையாகக் கூப்பிடுவான். அக்கா தினமும் மாடியிலிருந்து இறங்கும்போது ஒரு தடவை சொல்வாள், ஏறும்போது ஒரு தடவை சொல்வாள். "உன் தொண தொணப்புக்கு அந்த மிஷின்ல போய்ப் படுத்துக்கறதே மேல்" என்று ஒரு வழியாக அவன் போனபோது முதல் மழை பெய்துவிட்டது.

இடது சிறுநீரகத்தில் ஒரு நெல்லிக்காய் அளவு. சின்னதுதான் என்று அக்காவுக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது. "இந்த வகையில சின்னதுன்னு ஒண்ணு கிடையாது" என்றார் அறுவை டாக்டர். சிறுநீரகத்தை எடுத்தார்கள். பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கு அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. வெயில் காலத்துக்கு முன்னாலேயே வந்திருந்தால் என்று அக்கா கேட்டாள். அப்போதே போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். அந்தப் பதில் பிறகு அவளை விடவேயில்லை.

தம்பி மனைவி மருந்துக் கடையில் வேலை செய்பவள். யாரும் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுதிக் கொடுத்த ஊசியின் பெயரைப் பார்த்ததுமே அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் அக்காவுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. வாலுவுக்கும் பரிசோதனை பார்த்துவிடலாம் என்று அக்கா வாய் திறந்த அன்றுதான் அது வெடித்தது.

"வேண்டாம் அண்ணி. உங்க வீட்டுச் சீக்கை என் பிள்ளை தலையில கட்டாதீங்க. அவ உடம்புல ஒரு புள்ளி கிடையாது."

"புள்ளி இல்லாமலும் இருக்கலாம்னு சொல்றாங்கம்மா. தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே?"

"தெரிஞ்சுக்கிட்டு? நீங்க தெரிஞ்சுக்கிட்டீங்க. என்ன நிறுத்த முடிஞ்சுது? பரிசோதனைன்னு நீங்க ஆரம்பிக்கிற வரைக்கும் இந்த மனுஷன் நல்லாத்தானே நடமாடிக்கிட்டிருந்தார்?"

அதில் நியாயம் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். சொன்னவளுக்கும் தெரியும். ஆனாலும் அக்கா பதில் பேசாமல் மாடி ஏறினாள். பேசாமல் ஏறுவதுதான் அவளால் அன்றைக்குச் செய்ய முடிந்த ஒரே உதவி.

வாலு யாரையும் கேட்கவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது முடிந்துவிட்டது. கல்லூரிக்குப் போகிறேன் என்று கிளம்பி, தெருமுனையில் வேனை மறித்து, காலியான முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போ."

"உங்கம்மா என்னைக் கொன்னுடுவா."

"அம்மாவை நான் பார்த்துக்கறேன். நீ வண்டியைப் பார்த்துக்கோ."

முடிவு சொல்லும் நாளிலும் அவள் தனியாக உள்ளே போனாள். வெளியே வந்தபோது அவள் நடையிலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கதவை மெதுவாகச் சாத்தினாள். எதையும் மெதுவாகச் சாத்திப் பழக்கமில்லாத பெண். "இருக்கு அத்தை" என்றாள். பிறகு பசிக்கிறது என்றாள். எதிர்க் கடையில் இரண்டு பேரும் நின்றுகொண்டே ஏதோ சாப்பிட்டார்கள். இருவருக்கும் என்ன சாப்பிட்டோம் என்று தெரியவில்லை.

"அப்பாகிட்ட இப்போ சொல்ல வேண்டாம்டா" என்றாள் அக்கா. "இல்லைன்னு சொல்லிடு. நிம்மதியா இருக்கட்டும்."

"அவர்கிட்ட நான் எப்போ பொய் சொல்லித் தப்பிச்சிருக்கேன்? கண்ணைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவார்."

அன்று மாலையே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னாள். அம்மாவும் அறையில் நின்றாள். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கஞ்சியை நீட்டினால் குடிப்பான், மாத்திரையை நீட்டினால் விழுங்குவான். வாயாடி வாயை மூடினால் வீடு எப்படி இருக்கும் என்பதை அந்த இரண்டு நாளில் அந்த வீடு கண்டது.

மூன்றாம் நாள் காலையில் அக்கா காப்பி கொண்டுபோனபோது அவன் மகளிடம் பேசிக்கொண்டிருந்தான். அக்கா கதவோரத்திலேயே நின்றுவிட்டாள்.

"உனக்கு நான் ஒரு வீடு கட்டி வைக்கலை, ஒரு நகை வாங்கிப் போடலை. கொடுத்தது இது ஒண்ணுதானா?"

"ஏன், இந்த மூக்கு யார் கொடுத்தது? காலேஜ்ல எல்லாரும் கிளி மூக்குன்னு கூப்பிடறாங்க. அதுக்கே நான் உங்க மேல கேஸ் போட்டிருக்கணும்."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிற்றுத் தையல் வலிக்கும். வலியோடு சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே அழுகை வந்து, அவள் தலையைத் தன் மார்பில் அழுத்திக்கொண்டான். "உன் முதல் ஸ்கேனுக்கு நான் வருவேன்" என்றான். "யார் தடுத்தாலும் வருவேன்."

டாக்டர் தடுத்தார். மனைவி தடுத்தாள். அவன் உடம்பு அதற்குள் பாதியாகிவிட்டிருந்தது. எழுந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்கியது. ஆனால் அந்த நாள் வந்தபோது, விடிந்ததும் சவரம் செய்துகொண்டு, தொளதொளவென்று ஆகிவிட்ட நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். அக்கா வேனின் முன் சீட்டில் தலையணை வைத்து அவனை ஏற்றினாள். தம்பி மனைவியும் மகளும் பின்னால், சின்னப் பிள்ளைகளின் குட்டி சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள்.

"மெதுவாப் போக்கா. உன் வேன்ல பிள்ளைங்க எப்படித்தான் வாந்தி எடுக்காம வர்றாங்களோ" என்றான்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நீண்ட நடைவழி. அங்கே ஏ.சி. எலும்பைத் துளைத்தது. சக்கர நாற்காலியில் அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடுகு அத்தனையும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டிருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். அவளுக்கே வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. மனைவி தன் சால்வையை எடுத்து அவன் மேல் போர்த்தினாள்.

"வெளியில வெயில் அடிக்குது. அங்க போய் உட்காருங்களேன். முடிஞ்சதும் நான் வந்து கூப்பிடறேன்."

"அவ உள்ள தனியாப் படுத்திருக்கா. நான் வெளியில போய்க் குளிர் காயவா?"

பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டான். "அந்த ஏ.சி.க்குச் சளி பிடிச்சிருக்கு. கேக்குதா? ஃபேன் பேரிங் போச்சு. யாராவது சொல்லுங்க அவங்ககிட்ட." கொஞ்ச நேரம் கழித்து, அவனே ஒரு ஊழியரைக் கூப்பிட்டுச் சொன்னான். எந்த ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு நாலு தடவை மூச்சு வாங்கியது. அந்த ஊழியர் பொறுமையாக நின்று கேட்டுக்கொண்டார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கை அக்காவின் கையைத் தேடி வந்து பிடித்தது. பல மாதத்துக்குப் பிறகு அவள் அக்காவைத் தொட்டது அன்றுதான். வாலு வெளியே வருகிற வரைக்கும் அந்தக் கை விடவில்லை.

"ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர், சாயங்காலம். "இந்த வருஷத்துக்குக் கவலை இல்லை."

"இந்த வருஷத்துக்குன்னா இந்த வருஷத்துக்கு" என்றான் தம்பி. "அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்குவோம்."

அந்த 'பார்த்துக்குவோம்' எல்லார் காதிலும் விழுந்தது. யாரும் அதைத் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் எழுந்திருக்கவில்லை. ஒருநாள் மத்தியானம், மற்றவர்கள் இல்லாத நேரத்தில், அக்காவிடம், "அத்தான்கிட்ட யார் சொல்லுவாங்க?" என்று கேட்டான்.

அத்தான் என்றது அப்பாவின் அக்கா மகனை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த ஒரு சுவரின் பேரில் அப்பாவுக்கும் அவர் அக்காவுக்கும் வந்த தகராறு, பேச்சுவார்த்தை அறுந்து, இரண்டு பேரும் செத்துப்போன பிறகும் சாகாமல் கிடந்தது. அப்பாவின் சாவுக்கு அத்தான் வரவில்லை. அத்தையின் சாவுக்கு இவர்களும் போகவில்லை.

"செவுரு யாருக்குன்னு சண்டை போட்டாங்க" என்றான் தம்பி. "இது ரெண்டு வீட்டுக்கும் பொதுவா உள்ளயே இருந்திருக்கு. அவருக்கும் பிள்ளைங்க இருக்கும்ல? போய்ச் சொல்லுக்கா."

"நீ முதல்ல எந்திரி. ரெண்டு பேருமாப் போவோம்."

"சரி" என்றான். எதிர்த்துப் பேசாமல் அவன் சரி என்று சொல்லி அக்கா கேட்டதேயில்லை.

ஒரு காலை நடையில், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு முன்னால், டேஷ்போர்டில் இருந்த போன் அதிர்ந்தது. தம்பி மனைவியின் பெயர். வண்டி ஓட்டும்போது அக்கா போன் எடுப்பதில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கூப்பிடுகிறார்கள் என்றால்? போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. பின்னால் பிள்ளைகள் யாருடைய பென்சில் நீளம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பள்ளிவாசலில் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையாகக் கைபிடித்து இறக்கிவிட்டாள். ஒருத்தியின் பை வாரைச் சரிசெய்தாள். "பார்த்துப் போ, ஓடாதே" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். கடைசிப் பிள்ளை கேட்டுக்குள் போன பிறகுதான் போனை எடுத்தாள்.

"அண்ணி" என்றது குரல். அவ்வளவுதான் கேட்டது. அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

காரியங்களெல்லாம் முடிந்து, வேன் வேலைக்குத் திரும்பி, வாலுவும் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம் அக்காவும் அவளும் அத்தானின் கடையைத் தேடிப் போனார்கள். ஊரின் மறுகோடியில் டயர் கடை. அத்தானுக்குத் தலை வழுக்கையாகிவிட்டிருந்தது. ஆனால் குடும்பத்துக் கிளி மூக்கு அப்படியே இருந்தது. அக்காவை அடையாளம் தெரிந்ததும் அவர் முகம் கல்லாயிற்று. உட்காரச் சொல்லவில்லை.

"தம்பி போயிட்டான் அத்தான்."

"கேள்விப்பட்டேன்." டயரிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். "சின்னப் பையன். வருத்தம்தான்."

அக்கா நின்றபடியே சொன்னாள். கடுகையும் கட்டியையும் சிறுநீரகத்தையும், தாடிக்காரர் சொன்னது சொன்னபடி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் சிவந்தது.

"இத்தனை வருஷம் கழிச்சு எங்க வீட்டு வாசல் மிதிக்கறே. வெறுங்கையோட வந்திருக்கக் கூடாதா? சீக்கைக் கொண்டு வந்திருக்கே."

"நான் கொண்டு வரலை அத்தான். அது ஏற்கெனவே…"

"எங்கம்மா செத்தது செத்ததுதான். அதைக் கிளறாதே. நான் கல்லு மாதிரி இருக்கேன். போயிட்டு வா."

வாலு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேனுக்கு வந்தாள். தம்பி கேட்டதைச் செய்தாயிற்று. கேட்கிறவன் கேட்கட்டும், விடுகிறவன் விடட்டும். சாவியைப் போட்டபோது கடையின் பின்கட்டிலிருந்து ஒரு அம்மாள் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். அத்தானின் மனைவி. இதற்கு முன் அக்கா அவளைப் பார்த்ததில்லை.

"கொஞ்சம் நில்லுங்க. உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." மூச்சு வாங்கியது. "எங்க பெரிய பொண்ணுக்கு இருபத்திமூணு வயசு. வயித்துல கட்டி, ஆபரேஷன் பண்ணணும்னு தேதி கொடுத்திருக்காங்க. ஏன் வந்துதுன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியலை. அவ சாப்பிட மாட்டேங்கறா, யார்கூடயும் பேச மாட்டேங்கறா. நீங்க சொன்னது… அவளுக்கும் அதுவா இருக்குமா?"

"இருக்கலாம்மா. நிச்சயமாத் தெரியாது. ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த டாக்டர்கிட்ட இதைச் சொல்லியே ஆகணும்."

"எனக்குச் சொல்லத் தெரியாதே."

மணி ஆகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டுவிடுவார்கள். அக்கா வாலுவைப் பார்த்தாள். வாலு அதற்குள் கதவைத் திறந்து கீழே இறங்கியிருந்தாள்.

"நீ டிரிப்புக்குப் போ அத்தை. நான் இருக்கேன்." அந்த அம்மாளின் பக்கம் திரும்பினாள். "உங்க பொண்ணு, அந்த அக்கா எங்க இருக்காங்க? மாடியிலயா? நான் போய்ப் பேசட்டுமா? எனக்கும் இருக்கு."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கடைக்குள் அத்தான் எழுந்து நின்றார். தடுக்கவில்லை. வழியில் கிடந்த ஒரு டயரைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் கேட்டருகே வரிசை கலைந்து நின்றுகொண்டிருந்தார்கள். முன் சீட்டுக்கு எப்போதும் சண்டை போடுகிற பொடிசு ஏறும்போதே அதட்டியது.

"ஏன் அத்தை இன்னைக்கு இவ்வளவு லேட்டு?"

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தேன்டா" என்றாள் அக்கா. "பேச்சு நீண்டுபோச்சு. எல்லாரும் ஏறியாச்சா?"